சத்திரத்தில் இடம் உண்டா?

டிசம்பர் மாதத்தின் முதல் இரு வாரங்கள் கழிந்ததும், தலைநகர் தில்லியிலும் வட மாநிலங்களிலும் உள்ள கிறிஸ்தவ அறக்கட்டளை மருத்துவமனைகளில் ஒரு மாலைப் பொழுது கீத வழிபாட்டுக்கென ஒதுக்கப்படுகிறது. செவிலியர் கல்லூரி மாணவியர், மருத்துவர்கள், அலுவலக ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எனப் பலரும் மெழுகுவத்தி ஏந்தி, கேரல் எனப்படும் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடியபடி பிரசவ வார்டிலிருந்து குழந்தைகள் வார்டுக்கும், அங்கிருந்து அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கும் செல்கின்றனர். இந்தி, ஆங்கிலம், மலையாளம், சந்தாலி எனப் பாட்டின் மொழி மாறிக்கொண்டே இருக்கும். பாடுவோர் கிறிஸ்தவர்களாக இருக்கலாம். படுக்கையில் கிடந்து கேட்போரில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களுமே.

பாடப்படும் கதை அனைவரும் அறிந்ததுதான். பேறுகாலம் நெருங்கிய ஏழைப் பெண் ஒருத்திக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தை, மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டது. செய்தி முதலில் எட்டியது அரண்மனைக்கன்று, வயல்வெளியில் இரவுக்காவல் இருந்த இடையர்களுக்கு. தேவாலயத்தில் பாடும்போது இது பக்திக் கதை. மருத்துவமனையின் நடைக்கூடத்தில் பாடும்போதோ, இதற்கு வேறொரு பொருளும் சேர்ந்துவிடுகிறது. படுக்கை காலி இல்லை, முன்பணம் கட்டுங்கள், அடையாள அட்டை எங்கே என்ற சொற்களைக் கேட்டுத் திரும்பும் கர்ப்பிணிகள் இந்நாட்டில் இன்றும் உள்ளனர். ஆகவே, இக்கதையைப் பாடும் மருத்துவமனை தனக்குத்தானே ஓர் உரைகல்லை வைத்துக் கொள்கிறது. அதன் வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு இடம் உண்டா, இல்லையா என்பதே அந்த உரைகல்.

அண்மை ஆண்டுகளில் இம்மருத்துவமனைகளைப் பற்றி இரண்டு வாதங்கள் நடைபெற்று வருகின்றன. இவை ஏழைகளுக்கு உண்மையிலேயே இலவசச் சிகிச்சை அளிக்கின்றனவா என்பது ஒன்று. இலவசச் சிகிச்சையின் பெயரால் மதம் மாற்றுகின்றனவா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை நீதிமன்றங்களில் ஒருசில பொதுநல வழக்குரைஞர்கள் மட்டுமே எழுப்புகின்றனர். இரண்டாவது கேள்வியோ தெருவில் உரத்த குரலில் எழுப்பப்படுகிறது. நாட்டுக்குப் பயன் தரக்கூடியது முதல் கேள்வியே.

வடநாட்டில் மிஷன் மருத்துவமனைகள் தோன்றிய காரணத்தை இங்கு நினைவுகூர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களை ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க இயலாது. பெண் மருத்துவர்களோ இல்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் பிரசவத்திலும் காய்ச்சலிலும் மடிந்தன. 1870-இல் பரேலிக்கு வந்த அமெரிக்கப் பெண் மருத்துவர் கிளாரா ஸ்வைன், மருத்துவமனை கட்ட ராம்பூர் நவாபிடம் நிலம் கேட்டார். நவாப், பரேலியில் தமக்கிருந்த மாளிகையையும் தோட்டத்தையும் 1871-இல் விலையின்றிக் கொடுத்துவிட்டார். 1874-இல் அங்கு பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. நிலம் கொடுத்தவர் முஸ்லிம். மருத்துவர் மெதடிஸ்ட் கிறிஸ்தவர். வந்த நோயாளிகள் எல்லாச் சமயத்தவரும்.

தில்லியிலும் இதே கதைதான். 1860-களில் பிரிசில்லா வின்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொடங்கிய மருத்துவப் பணி, 1881-இல் அவர் மறைந்த பின்னர், 1885-இல் சாந்தினி சௌக்கில் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையாக உருப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தீஸ் ஹஸாரிக்கு இடம்பெயர்ந்து இன்றளவும் அங்கேயே இயங்குகிறது. லூதியானாவில் 1894-இல் எடித் பிரவுன் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்மையால் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கியது தமிழர்கள் நன்கறிந்த வரலாறு. அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் ஒப்பந்தப்படி மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றச் செல்வது நெடுங்கால மரபு. நேபாள எல்லையில் பிகாரின் ரக்சௌல் போன்ற ஊர்களில் உள்ள சிறிய மருத்துவமனைகள் இத்தகைய இளம் மருத்துவர்களை நம்பியே நடைபெறுகின்றன.

நிறுவனர்களுக்குச் சமயம் பரப்பும் நோக்கமும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை, அவர்களும் மறைக்கவில்லை. ஆனால், ராம்பூர் நவாப் அதை அறியாமல் நிலம் கொடுக்கவில்லை. தம் மக்களின் உயிர் அதைவிடப் பெரிது என்று கருதியே கொடுத்தார். அங்கு தொடங்கிய ஒரு வழக்கம் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. பொதுச் சமூகம் நிலம் தரும். மருத்துவமனை ஏழைக்கு இடம் தரும் என்பதே அந்த எழுதாத உடன்படிக்கை.

தில்லியில் இந்த உடன்படிக்கை எழுத்து வடிவம் பெற்றபோதுதான் சிக்கல் எழுந்தது. விடுதலைக்குப் பின் மத்திய அரசும் தில்லி வளர்ச்சி ஆணையமும் அறக்கட்டளைகள் பலவற்றுக்குச் சலுகை விலையில் நிலம் வழங்கின. அவற்றில் சமயச் சார்புள்ளவையும் உண்டு, வணிகர்களும் தொழிலதிபர்களும் நிறுவியவையும் உண்டு. மருத்துவமனைகள் வளர்ந்தன, நகரின் நில மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது, ஏழைகளுக்கான படுக்கைகள் மட்டும் தேடினாலும் கிடைக்கவில்லை. பொதுநல வழக்கொன்றில் தில்லி உயர் நீதிமன்றம் 2007 மார்ச்சில் தெளிவான தீர்ப்பளித்தது. சலுகை நிலம் பெற்ற மருத்துவமனைகள் உள்நோயாளிப் படுக்கைகளில் 10 சதவீதத்தையும், புறநோயாளிப் பிரிவில் 25 சதவீதத்தையும் ஏழைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்பதே அது.

குத்தகைப் பத்திரத்தில் இந்நிபந்தனை இல்லாத பழைய மருத்துவமனைகளுக்கும் இதை விரிவுபடுத்தி 2012-இல் மத்திய அரசின் நில மேம்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. மூல்சந்த், செயின்ட் ஸ்டீபன்ஸ் உள்ளிட்ட மருத்துவமனைகள் நீதிமன்றம் சென்றன. நிலம் வாங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் புதிய நிபந்தனை விதிப்பது முறையன்று என்பது அவற்றின் வாதம். 2014-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018 ஜூலை 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அரசின் உத்தரவு செல்லும் என்றது. அறப்பணிக்காகச் சலுகை விலையில் நிலம் பெற்ற மருத்துவமனை, ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிப்பதைச் சுமையாகக் கருத இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

மருத்துவமனைகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைகளுக்கு உதவுவது எங்களுக்குப் புதிதல்ல, சான்றிதழ் கேட்காமலேயே கட்டணத்தைக் குறைத்தும் தள்ளுபடி செய்தும் வருகிறோம் என்று மிஷன் மருத்துவமனைகள் கூறுகின்றன. இது பெரிதும் உண்மை. பிகாரிலிருந்து நேற்று வந்திறங்கிய கட்டடத் தொழிலாளியிடம் வருமானச் சான்றிதழ் இருக்காது. அவர் மனைவியின் முகத்தையும் காலில் செருப்பு இல்லாததையும் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவ சமூகப் பணியாளர், அரசின் படிவத்தைவிடச் சரியாகவே தீர்மானிப்பார்.

எனினும், இவ்வாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. தருமம் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. உரிமை என்பது பெறுபவர் நிலையைப் பொறுத்தது. தள்ளுபடி மறுக்கப்பட்ட ஏழை, யாரிடமும் முறையிட இயலாது. எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்ற கணக்கும் வெளியே தெரியாது. குத்தகைப் பத்திரத்தில் ஏழைக்கான நிபந்தனை எழுதப்படவில்லை என்று வாதிடுவதற்கு மற்ற மருத்துவமனைகளுக்கு உரிமை இருக்கலாம். ஆண்டுதோறும் வார்டு வார்டாகச் சென்று சத்திரத்தில் இடமில்லாத கதையைப் பாடும் மருத்துவமனைக்கு அந்த வாதம் பொருந்தி வரவில்லை. அதற்கான நிபந்தனை பத்திரத்தைவிடப் பழைமையான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இது தில்லியின் சிக்கல் மட்டுமன்று; கிறிஸ்தவ மருத்துவமனைகளின் சிக்கல் மட்டுமன்று. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், மேலும் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் வழங்க வேண்டும். இதற்கென மொத்தக் கட்டண வரவில் 2 சதவீதத்தைத் தனி நிதியாக ஒதுக்க வேண்டும் என்ற திட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2006-இல் வகுத்தது. அப்படியிருந்தும், புணேயில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை ரூ.10 லட்சம் முன்பணம் கேட்டதால் சிகிச்சை தாமதமாகிக் கர்ப்பிணி ஒருவர் இறந்தார் என்ற குற்றச்சாட்டு 2025-இல் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, நாள்தோறும் எண்ணிப் பார்ப்பவர் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இலவசத்துக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியையும் தவிர்க்க இயலாது. பெருநிறுவன மருத்துவமனைகளுடன் போட்டியிட்டுச் சிறப்பு மருத்துவர்களைத் தக்கவைத்துக் கொள்ள வேண்டும். கருவிகளைப் புதுப்பிக்க வேண்டும். மெழுகுவத்தி ஏந்திப் பாடிச் செல்லும் செவிலியருக்கு உரிய ஊதியமும் தர வேண்டும். 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் ரூ.20,000-க்குக் குறையாமல் ஊதியம் தரப்பட வேண்டும் என்று, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. தொண்டு என்ற பெயரில் செவிலியரின் ஊதியத்தைக் குறைத்து நோயாளிக்கு வழங்கப்படும் சலுகை, ஓர் ஏழையிடமிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுப்பதேயாகும்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தில்லி அதில் 2025-இல்தான் இணைந்தது. இனி அறக்கட்டளைப் படுக்கை எதற்கு என்று கேட்போர் உள்ளனர். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான அத்திட்டம் உள்நோயாளிகளுக்கே உரியது. புறநோயாளியாக வந்து மருந்து வாங்கிச் செல்லும் நீரிழிவு நோயாளிக்கும் காசநோயாளிக்கும் அதனால் பயனில்லை. பட்டியலில் பெயரில்லாத புலம்பெயர் தொழிலாளிக்கும் அதில் இடமில்லை. காப்பீடு விட்டுச் செல்லும் இந்த இடைவெளியில்தான் 25 சதவீதப் புறநோயாளி ஒதுக்கீட்டின் அருமை விளங்கும்.

இவ்வாறு படுக்கைகளை எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய அரசும் அரசியலும் வேறொன்றில் கவனம் செலுத்தி வருவது வேதனைக்குரியது. 2017 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்னாவில் கேரல் பாடச் சென்ற குருமட மாணவர்கள் சுமார் 30 பேர் தடுக்கப்பட்டுக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டனர். அவர்களைக் காணச் சென்ற குருக்களின் கார் தீக்கிரையாக்கப்பட்டது. மதமாற்ற வழக்குப் பதிவானதோ பாடச் சென்ற தரப்பின் மீதே. பாடுவது குற்றம் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆனால், மதமாற்றத் தடைச் சட்டங்களின் சொற்கள் விரிய விரிய, பாடுவோரும் மருந்து கொடுப்போரும் அஞ்சும் நிலை உருவாகியிருக்கிறது.

உத்தரப் பிரதேசம் 2021-இல் இயற்றிய சட்டத்தில், பரிசு, பணம், பொருள் வகையிலான ஆதாயம் ஆகியன ஆசைகாட்டல் என வரையறுக்கப்பட்டுள்ளன. 2024-இல் செய்யப்பட்ட திருத்தம், எவர் வேண்டுமானாலும் புகார் கொடுக்க வழிவகுத்தது. தண்டனையையும் ஆயுள் சிறை வரை உயர்த்தியது. ஒரு மிஷன் மருத்துவமனை ஏழைக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் அது பொருள் ஆதாயம் என்று ஒருவர் புகார் எழுத இதில் இடமிருக்கிறது. தில்லியில் இலவசச் சிகிச்சை, உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கட்டாயக் கடமை. மாநில எல்லையைக் கடந்து காஜியாபாத் சென்றால் அதே இலவசச் சிகிச்சை சந்தேகத்துக்குரிய செயல். ஒரே நாட்டில் ஒரே நற்செயலுக்கு இப்படி இரண்டு முகங்கள் இருப்பது விபரீதம்.

இந்த அச்சம் கற்பனையன்று. உத்தரப் பிரதேசத்தின் ஃபதேபூரில் 2022-இல் கூட்டு மதமாற்றம் நடந்ததாகப் பதிவு செய்யப்பட்ட முதல் தகவல் அறிக்கைகள் பலவற்றை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் ரத்து செய்தது. குற்றவியல் சட்டம் அப்பாவிகளைத் துன்புறுத்தும் கருவியாகிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. நீதி கிடைத்தது என்று மகிழலாம். எனினும், அதற்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் ஒரு சிற்றூர் மருத்துவமனையால் வழக்கையும் நோயாளிகளையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்பது கேள்விக்குறியே.

நிதியிலும் இதே நெருக்கடி. 2020 செப்டம்பரில் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. நன்கொடை பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது என்ற விதியால், பெரிய நிறுவனங்கள் வழியாக உதவி பெற்றுவந்த சிறிய மருத்துவமனைகள் பாதிக்கப்பட்டன. அன்னை தெரசா நிறுவிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியின் பதிவைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் மறுத்த நாள் 2021 டிசம்பர் 25. பாதகமான தகவல்கள் இருப்பதாக மட்டுமே அப்போது கூறப்பட்டது. 2022 ஜனவரி முதல் வாரத்தில் பதிவு திரும்பக் கிடைத்தது. தகவல்கள் உண்மையானால் இரு வாரங்களில் அவை மறைந்தது எப்படி? பொய்யானால், கிறிஸ்துமஸ் நாளில் ஆதரவற்றோர் இல்லங்களைப் பதற வைத்தது ஏன்?

இத்தகைய மருத்துவமனைகள் நாட்டுக்குத் தேவையா என்பதற்கான விடை 2020-இல் கிடைத்தது. கொரோனா தொற்று தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில், கிறிஸ்தவ மருத்துவ அமைப்புகளின் கூட்டமைப்பு 1,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளையும் சுமார் 60,000 படுக்கைகளையும் அரசின் பயன்பாட்டுக்கு அளிக்க முன்வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.3 சதவீதமே உள்ள ஒரு சமூகத்தின் பங்களிப்பு அது. 2024 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோடி தில்லியில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கிறிஸ்துமஸ் விழாவில் பங்கேற்றார். வரவேற்கத்தக்க செயல். தலைநகரில் காட்டப்படும் இந்த மதிப்பு, சத்னா போன்ற ஊர்களின் காவல் நிலையம் வரை சென்று சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, சலுகை நிலமும் வரி விலக்கும் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும், இலவசப் படுக்கைகள் எத்தனை, அன்று காலியாக உள்ளவை எத்தனை, திருப்பி அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்பதை நாள்தோறும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் மிஷன் மருத்துவமனைகளே இதில் முந்திக்கொண்டால், அவற்றின் மீதான பாதிக் குற்றச்சாட்டுகள் தாமாகவே உதிர்ந்துவிடும். இரண்டாவது, சான்றிதழ் இல்லாதவரைத் திருப்பி அனுப்பாமல், மருத்துவ சமூகப் பணியாளரின் பரிந்துரையே போதும் என்று அரசு ஏற்க வேண்டும். மூன்றாவது, நோயாளியிடம் எந்தச் சமயக் கடமையும் எதிர்பார்க்காமல் அளிக்கப்படும் சிகிச்சை ஆசைகாட்டல் ஆகாது என்று மதமாற்றத் தடைச் சட்டங்களில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கடமை உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளி, விருப்பமில்லாவிட்டால் எழுந்து வெளியே போக இயலாதவர். ஆகவே, எந்த வார்டில் பாடலாம், யார் ஓய்வை விரும்புகின்றனர் என்று முன்கூட்டியே கேட்டறிவது மரியாதை மட்டுமன்று, மருத்துவ ஒழுக்கமும் ஆகும். கீதம் கேட்பது சிகிச்சைக்கான விலையன்று என்ற நம்பிக்கை கடைசிப் படுக்கையில் உள்ளவருக்கும் இருக்க வேண்டும்.

அரசு கண்காணிக்க வேண்டியது படுக்கைகளை, பாடல்களை அன்று. மருத்துவமனை காக்க வேண்டியது நிலத்தை மட்டுமன்று. அந்நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தையும்தான். கையில் காசும் காகிதமும் இல்லாமல் வரும் கர்ப்பிணிக்கு, யாரையும் கெஞ்சாமல், யாருடைய தயவையும் எதிர்நோக்காமல் ஒரு கட்டில் கிடைக்குமானால், அன்று அந்த வார்டுகளில் பாடப்படும் கீதம் பொருளுடையதாகும். கிடைக்காத வரையில், எத்தனை மெழுகுவத்திகள் ஏற்றினாலும் சத்திரத்தின் கதவு சாத்தியதாகவே இருக்கும்.